தொலைந்துபோன பூச்சி: டிசைன் வெர்ஷன்களின் கதை

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் கேட்கறதுக்குக் கொஞ்சம் வறட்சியாத் தெரியலாம். ஏஐ வச்சு டிசைன் பண்றவங்க இப்போ ஒரே வேலைக்கு நூறு, இருநூறு படம் எடுத்துப் பார்க்கிறாங்க. எந்தப் படம் எதிலிருந்து வந்தது, எதை ஏன் ஒதுக்கினோம், கிளையன்ட் மூணு மாசம் கழிச்சு வந்து "அன்னைக்குக் காட்டினீங்களே, அதுவே இருக்கட்டும்"னு சொன்னா எங்கே போய்த் தேடுறது? இது ஏதோ 2022-ல் முளைத்த பிரச்சினைன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. இல்லை. இதுக்கு ஒரு நீளமான வரலாறு இருக்கு. அதுல உயிர் போன கதையும் இருக்கு, விண்வெளிக்குப் போன கதையும் இருக்கு.

முதல்ல ஒரு பூச்சியிலிருந்து தொடங்கலாம்.

1986-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 'தி பிளைண்ட் வாட்ச்மேக்கர்'னு ஒரு புத்தகம் எழுதினார். பரிணாமம் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கும் புத்தகம். அதற்காக அவரே ஒரு சின்ன கணினி நிரல் எழுதினார். திரையில் கோடுகளால் ஆன ஒரு உருவம் தெரியும். அந்த உருவத்தைத் தீர்மானிப்பது ஒன்பது எண்கள். அவற்றை மரபணுக்கள்னு வச்சுக்கிட்டார். நடுவில் தாய், சுற்றிலும் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையிலும் ஏதோ ஒரு எண் கொஞ்சம் மாறியிருக்கும். நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தால் அது அடுத்த தாய் ஆகிவிடும். அவ்வளவுதான் நிரல்.

மரம் மாதிரி ஏதாவது வரும்னுதான் அவர் எதிர்பார்த்தார். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனபோது பூச்சிகள் வந்துவிட்டன. கால், உடம்பு எல்லாத்தோடயும். மனுஷனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது: அந்த எண்களைச் சேமித்து வைக்க நிரலில் வழியே செய்யவில்லை. படம் கண்முன்னே இருக்கிறது. அதை உண்டாக்கிய எண்கள் கணினியின் நினைவகத்துக்குள் எங்கேயோ இருக்கின்றன, எடுக்க முடியாது. கணினியை அணைத்தால் அதுவும் போச்சு. போகத்தான் செய்தது. கையில் படம் மட்டும் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு அதே பூச்சியைத் திரும்ப வரவழைக்க அவர் பட்ட பாட்டை அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். கோடிக்கணக்கான சாத்தியங்களுக்குள்ளே துழாவி, ரொம்ப அலைந்த பிறகுதான் கிடைத்தது.

இதில் மூன்று விஷயம் தனித்தனியாக இருப்பதைக் கவனிங்க. ஒன்று, படம். இன்னொன்று, அந்தப் படத்தைச் செய்த எண்கள், அதாவது பக்குவம். மூன்றாவது, அந்த இடத்துக்கு வந்த வழி: ஒவ்வொரு தலைமுறையிலும் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பது. டாக்கின்ஸ் கையில் மிஞ்சியது முதலாவது மட்டும். சேமிக்கவே வேண்டாம்னு நாம நினைக்கிற மூன்றாவதுதான் கடைசியில் விலை உயர்ந்ததுன்னு நான் நினைக்கிறேன். இந்த எபிசோட் முழுக்க அதைச் சுத்தித்தான்.

அதுக்கு முன்னாடி ரெண்டு சொல்லைப் பிரிச்சு வச்சுக்கலாம். வெர்ஷன் வேற, வேரியேஷன் வேற. வெர்ஷன் என்பது ராஜா மாதிரி: புதுசு வந்தால் பழசு பதவி இழக்கும். வேரியேஷன் என்பது ஒரு வயிற்றுப் பிள்ளைகள்: நாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்று வந்ததால் இன்னொன்று செல்லாமல் போகாது. பேச்சில் நாம ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறோம். ஆனா நம்ம கருவிகள் பெரும்பாலும் முதல் வகைக்காகவே வளர்ந்தவை.

அந்த வளர்ச்சி தொடங்கிய இடம் இன்ஜினியரிங் டிராயிங் அறை. 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி, நீல நிறத்தில் நகலெடுக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். ப்ளூபிரிண்ட் அதிலிருந்துதான் வந்தது. அதுக்கு முன்னால் ஒரு வரைபடத்தை நகலெடுக்கணும்னா ஒருத்தர் உட்கார்ந்து திரும்ப வரையணும். நகல் குறைவு, அதனால் குழப்பமும் குறைவு. ப்ளூபிரிண்ட் வந்ததும் ஒரே டிராயிங்கின் பிரதிகள் சைட்டில் ஒன்று, பட்டறையில் ஒன்று, கான்ட்ராக்டர் வீட்டு மேஜையில் ஒன்று என்று பரவின. அறையில் மூலத்தைத் திருத்திவிட்டால் வெளியே போன பழைய நகல்களுக்கு அது எப்படித் தெரியும்? அப்படி வந்ததுதான் டிராயிங்கின் ஓரத்தில் இருக்கும் ரிவிஷன் கட்டம். எத்தனையாவது திருத்தம், என்ன தேதி, என்ன மாறியது, யார் ஒப்புக்கொண்டது. மாறிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு வளைகோடு, பக்கத்தில் முக்கோணத்துக்குள் ஒரு எண். கட்டட வேலை பார்த்தவங்களுக்கு இது பழகிய காட்சி.

அந்தக் கட்டம் எவ்வளவு சீரியஸான விஷயம்னு சொல்ல 1981 ஜூலை 17-க்குப் போகணும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், கான்சஸ் சிட்டி. ஹயாட் ரீஜென்சி ஹோட்டல் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கூடத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கும் நடைபாலங்கள்; நாலாவது மாடியில் ஒன்று, அதற்கு நேர் கீழே இரண்டாவது மாடியில் ஒன்று. அன்று சாயங்காலம் கீழே நடன நிகழ்ச்சி. கூட்டம் நிறைந்திருந்தபோது நாலாவது மாடிப் பாலம் பிடி விட்டு இரண்டாவது மாடிப் பாலத்தின் மேல் விழ, ரெண்டும் சேர்ந்து மக்கள் தலையில் விழுந்தன. 114 பேர் செத்துப்போனார்கள். 200-க்கும் மேற்பட்டோருக்குக் காயம்.

காரணம் என்ன? முதலில் வரைந்த டிராயிங்கில் கூரையிலிருந்து தொங்கும் ஒரே நீளமான கம்பி நாலாவது மாடிப் பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இரண்டாவது மாடிப் பாலம் வரை போகிறது. ரெண்டு பாலமும் அந்த ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்குகின்றன. இரும்பு வேலை செய்தவர்களுக்கு இது சிரமம். அவ்வளவு நீளமான கம்பியில் நடுவே நட்டு ஏற்ற, கம்பி நெடுகத் திருகுமரை வெட்ட வேண்டும். அதனால் ஒரே கம்பியை ரெண்டாக்கிவிட்டார்கள். மேல்கம்பி கூரையிலிருந்து நாலாவது மாடிப் பாலம் வரை. கீழ்க்கம்பி நாலாவது மாடிப் பாலத்திலிருந்து இரண்டாவது மாடிப் பாலம் வரை. டிராயிங்கில் பார்த்தால் தூசு மாதிரி ஒரு மாற்றம். ஆனா யோசிச்சுப் பாருங்க: ஒரே கயிற்றை ரெண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது வேற, மேலே தொங்குறவன் காலைக் கீழே உள்ளவன் பிடிச்சுத் தொங்குவது வேற. மேல் ஆளின் பிடிக்கு வரும் பாரம் ரெண்டு மடங்கு ஆகிவிடும். நாலாவது மாடிப் பாலத்தின் இணைப்புக்கு நடந்தது இதுதான்.

இதில் நம்ம விஷயத்துக்கு வேண்டியது ஒன்று இருக்கு. மாறிய டிராயிங் ஒளிந்துகொண்டு போகவில்லை. இன்ஜினியர் அலுவலகத்துக்கு வந்தது, சரிபார்த்த முத்திரையோடு திரும்பிப் போனது. மாற்றத்துக்கு யார் எப்படிச் சம்மதித்தது என்பதில் பிறகு ரெண்டு தரப்பும் ரெண்டு விதமாகச் சொன்னார்கள். அந்த இணைப்புக்கான கணக்கை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. முதல் டிராயிங்கின் இணைப்பே நகர விதி கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும் என்று விசாரணையில் தெரியவந்தது. பொறுப்பான இன்ஜினியர்கள் அந்த மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள். வெர்ஷன் எண் இருந்தது, முத்திரை இருந்தது. "இது ஏன் மாறியது, மாறியதால் வேற எது மாறும்" என்ற கேள்விக்குப் பதில் எழுதிய காகிதம்தான் இல்லை.

கணினி உலகம் இந்தப் பாடத்தைத் தன் வழியில், கொஞ்சம் முன்னாடியே கற்றுக்கொண்டிருந்தது. 1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் 'எஸ்சிசிஎஸ்' என்ற நிரலை எழுதினார். புரோகிராமர் ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது என்ன வரி மாறியது, யார் மாற்றினார், எப்போது என்பதை அது தானே குறித்துக்கொள்ளும். கூடவே "கருத்து?" என்று கேட்டு நிற்கும். நீங்க காரணம் எழுதணும். அலுத்துக்கொண்டு எழுதினாலும் எழுதணும். 1980-களில் ஆர்சிஎஸ், சிவிஎஸ், பிறகு சப்வெர்ஷன், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்று அந்தப் பரம்பரை நீண்டது. எல்லாவற்றிலும் அந்தக் "கருத்து?" கேள்வி வாரிசாக வந்தது. கிட்டில் அதற்குப் பெயர் கமிட் மெசேஜ்.

டிசைனர்களுக்கு இது வாய்க்கவில்லை. வரிவரியாக எழுதிய கோப்பில் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். படத்தில் எது "வரி"? ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது. அதில் லேயர் என்கிற அடுக்குகள் வரவே 1994 ஆயிற்று. செய்த வேலையில் ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடியும் என்ற நிலை 1998-ல் ஐந்தாவது பதிப்பு வரும்வரை இருந்தது. அந்தப் பதிப்பில் வந்த ஹிஸ்டரி பேனல் பெரிய விடுதலை. ஆனா கோப்பை மூடினால் அந்த வரலாறும் மறைந்துவிடும். 2003-ல் அடோபி 'வெர்ஷன் க்யூ' என்று ஒன்றைக் கொண்டுவந்து டிசைனர்களுக்கும் வெர்ஷன் முறையைப் பழக்கப் பார்த்தது. சில வருஷத்தில் அதைக் கைவிட்டது. டிசைனர்கள் என்ன செய்தார்கள்? கோப்பின் பெயரிலேயே சரித்திரம் எழுதினார்கள். ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் கரெக்டட், ஃபைனல் கிளையன்ட் ஓகே. சிரிக்காதீங்க, அதுவும் ஒரு வகை ரிவிஷன் கட்டம்தான். "கிளையன்ட் ஓகே" என்பதில் யார் ஒப்புக்கொண்டது என்ற தகவல்கூட இருக்கு.

இது எல்லாம் வெர்ஷன் கதை. வேரியேஷனுக்கு இன்னொரு கிளை இருக்கு. டாக்கின்ஸின் பூச்சி அந்தக் கிளையைச் சேர்ந்தது.

அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் கார்ல் சிம்ஸ் என்ற கலைஞர். 1993-ல் பாரிஸின் பாம்பிடூ மையத்தில் அவர் ஒரு காட்சி வைத்தார். வளைவாக 16 திரைகள். ஒவ்வொன்றிலும் கணினி உண்டாக்கிய ஒரு படம். ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் தரையில் ஒரு உணரி. பார்க்க வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த படத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். யாரும் நிற்காத படங்கள் அழிந்து, நின்ற படங்கள் கலந்து அடுத்த தலைமுறை திரையில் வரும். பின்னணியில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர். 2022-ல் மிட்ஜர்னி நாலு படத்தைக் காட்டி, கீழே வி1, வி2, வி3, வி4 என்று பொத்தான் வைத்தபோது ஏதோ புதுசுன்னு தோணுச்சு. 29 வருஷம் முன்னாடியே அதே வேலையை ஜனங்க காலால் செய்திருக்காங்க.

கண்காட்சிக்கு இது போதும். ஒரு நிஜ வேலைக்கு, அதுவும் தப்பினால் திரும்ப எடுக்க முடியாத வேலைக்கு இந்த முறையைப் பயன்படுத்தினால்? அதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஒண்ணு இருக்கு. கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் நடந்தது. எஸ்டி5 என்ற திட்டம். மூன்று சின்னஞ்சிறு செயற்கைக்கோள்கள். அவற்றுக்கு ஒரு ஆன்டெனா தேவை. ஜேசன் லோன், கிரெகரி ஹார்ன்பி ஆகியோர் அடங்கிய குழு அதை வரையவில்லை, வளர்த்தது. கம்பி எங்கே வளைய வேண்டும், எவ்வளவு நீளம் என்பதைக் கணினி கண்டபடி மாற்றி மாற்றிப் பல வடிவங்களை உண்டாக்கும். ஒவ்வொன்றும் அலையை எப்படிப் பரப்பும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும். நல்லது தங்கும், மற்றது ஒழியும். டாக்கின்ஸின் விளையாட்டேதான், "எனக்குப் பிடிச்சிருக்கு" என்ற இடத்தில் மட்டும் திட்டத்தின் தேவைப் பட்டியல் உட்கார்ந்திருக்கிறது.

அப்படி வந்த ஒரு ஆன்டெனாவின் பெயர் எஸ்டி5-3-10. செய்து சோதித்தும் பார்த்தாகிவிட்டது. அந்த நேரத்தில் ராக்கெட் ஏற்பாடு மாறி, செயற்கைக்கோள்கள் போக வேண்டிய சுற்றுப்பாதையும் மாறியது. முன்னே நினைத்ததைவிடப் பூமிக்கு ரொம்ப நெருக்கமான பாதை. அங்கிருந்து பார்த்தால் தரைநிலையம் வேறு கோணங்களில் தெரியும். ஆன்டெனா வேறு மாதிரி அலை பரப்ப வேண்டும். சாதாரணமாக ஒரு இன்ஜினியர் என்ன செய்வார்? கையில் இருக்கும் வடிவத்தை இங்கே கொஞ்சம் வளைத்து, அங்கே கொஞ்சம் நீட்டி ஒட்டுப்போடப் பார்ப்பார். இந்தக் குழு அதைச் செய்யவில்லை. தேவைப் பட்டியலை மாற்றினார்கள், நிரலையும் அதற்கேற்பத் திருத்தினார்கள், திரும்ப ஓட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் புது ஆன்டெனா வந்தது. அதன் பெயர் எஸ்டி5-33-142-7. ஆசையாக யாரும் வைக்கிற பெயரா இது? எண்களாலேயே ஆன பெயர். 2006 மார்ச் 22-ல் அந்த வகை ஆன்டெனாக்கள் விண்வெளிக்குப் போயின. பார்த்தால் யாரோ போனில் பேசிக்கிட்டே கோணல்மாணலாக வளைத்த காகித கிளிப் மாதிரி இருக்கும்.

இங்கே வெர்ஷன் என்ற சொல்லுக்கே அர்த்தம் இடம் மாறிவிட்டதைப் பாருங்க. வளைந்த கம்பி, அதாவது வடிவம், வெறும் விளைச்சல். வெர்ஷன் மாறியது தேவைப் பட்டியலிலும் நிரலிலும். அவை கையில் இருந்ததால் வடிவத்தைத் தூக்கிப் போட அவர்களுக்குத் தயக்கம் இல்லை.

அந்த வசதி இன்றைய ஏஐ டிசைனருக்கு இருக்கா? பாதி இருக்கு.

2022 ஆகஸ்ட் 22-ல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் பொதுவெளிக்கு வந்தது. இந்த வகை ஏஐ ஒரு படத்தைத் தொடங்குவது வெறும் இரைச்சல் புள்ளிகளிலிருந்து; பழைய டிவியில் சேனல் வராதபோது தெரியுமே, அது மாதிரி. அந்தப் புள்ளிகள் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது சீட் என்ற ஒரு எண். விதைன்னு வச்சுக்கலாம். அதே விதை, அதே வாசகம், அதே மாடல், அதே அமைப்புகள் கொடுத்தால் ஏறக்குறைய அதே படம் திரும்ப வரும். டாக்கின்ஸுக்குக் கிடைக்காத வரம். சீக்கிரமே மக்கள் விரும்பிப் பயன்படுத்திய ஆட்டோமேட்டிக்1111 என்ற இடைமுகம், இந்த விவரங்களை எல்லாம் பிஎன்ஜி படக் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்தது. பிறகு வந்த கம்ஃபியூஐ இன்னும் ஒரு படி மேலே போய், படம் செய்த முழு வழிமுறையையும் படத்துக்குள் புதைத்தது. அந்தப் படத்தை இழுத்து உள்ளே போட்டால் மொத்த ஏற்பாடும் விரிந்து நிற்கும். மாம்பழத்துக்குள் கொட்டை மாதிரி.

பிரச்சினை மற்ற பாதியில். அந்தப் படத்தை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பிப் பாருங்க. சுருக்கி, வேறு வடிவமாக்கி, உள்ளே இருந்த விவரத்தை எல்லாம் உதிர்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் கொடுக்கும். கிளையன்ட் கையில் இருப்பது கொட்டை எடுத்த பழம். அதைத் திருப்பி அனுப்பி "இதுல கையை மட்டும் சரி பண்ணுங்க"ன்னா, நீங்க டாக்கின்ஸ் நிலைமைக்கு வந்துட்டீங்க.

மாடலின் அடையாளமும் அப்படி ஒண்ணும் கெட்டியானது இல்லை. ஆட்டோமேட்டிக்1111 ஆரம்பத்தில் மாடல் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் படித்து ஒரு குறுகிய அடையாள எண் போட்டது. அதனால் வெவ்வேறு மாடல்களுக்கு ஒரே எண் விழ வாய்ப்பு இருந்தது. 2023 தொடக்கத்தில் முழுக் கோப்பையும் படித்துக் கணக்கிடும் முறைக்கு மாறினார்கள். சரி, அடையாளம் துல்லியமாகிவிட்டது. மாடல் இருக்கணுமே? 2022 அக்டோபரில் ரன்வே நிறுவனம் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-ஐ ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் வெளியிட்டிருந்தது. எத்தனையோ பேருடைய நிரல்கள் அந்த முகவரியிலிருந்துதான் அதை எடுத்துக்கொண்டிருந்தன. 2024 ஆகஸ்டில் ஒருநாள் அந்த முகவரியில் இருந்ததை நிறுவனம் எடுத்துவிட்டது. நகல் வைத்திருந்தவர்கள் இருந்ததால் மாடல் அழிந்துபோகவில்லை. ஆனா "இந்தப் பெயரைச் சொன்னால் கிடைக்கும்" என்று நம்பி எழுதிய பக்குவங்கள் ஒரே நாளில் அந்தரத்தில் நின்றன. நாசா குழுவுக்கு நிரல் சொந்தம். நமக்கு அடுப்பே வாடகை. மிட்ஜர்னி மாதிரி இணையத்தில் மட்டும் ஓடும் சேவைகளில் இது இன்னும் தெளிவு: சேவையின் வெர்ஷன் மாறினால், அதே வாசகமும் அதே விதையும் வேறு படத்தைக் கொடுக்கும்.

அதனால்தான் படமும் போதாது, பக்குவமும் போதாது, தேர்வின் பதிவு வேணும்னு சொல்றேன். இதை வெறும் ஒழுங்குக்காகச் சொல்லலை. காசு, உரிமை ரெண்டும் இதில் மாட்டியிருக்கு. அமெரிக்காவில் நடந்த ரெண்டு வழக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தால் புரியும்.

2022-ல் ஜேசன் ஆலன் என்பவர் மிட்ஜர்னியில் செய்த ஒரு படத்தைக் கொலராடோ மாநிலக் கண்காட்சிப் போட்டிக்கு அனுப்பி, டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு வாங்கினார். பெரிய சர்ச்சை ஆனது. அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோது, குறைந்தது 624 முறை வாசகத்தை மாற்றி மாற்றி முயன்றதாகச் சொன்னார். 2023 செப்டம்பரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் மறுஆய்வுக் குழு மறுத்துவிட்டது. வாசகம் எழுதுவது மிஷினுக்கு யோசனை சொல்வது மாதிரி; படத்தை உருவாக்கியது மிஷின்; அந்தப் பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு நீங்களாகச் செய்த பகுதிக்கு மட்டும் கேளுங்கள் என்பது அவர்கள் நிலை. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 624 என்ற எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது முயற்சியின் எண்ணிக்கை மட்டுமே.

இரண்டாவது வழக்கு 'எ சிங்கிள் பீஸ் ஆஃப் அமெரிக்கன் சீஸ்'. இன்வோக் என்ற ஏஐ மென்பொருள் நிறுவனத்தின் அன்றைய தலைவர் கென்ட் கெர்சி செய்த படம். ஒரு பெண் முகம், தலையில் உருகி வழியும் சீஸ். அழகா, அசிங்கமான்னு நான் தீர்ப்புச் சொல்லலை. படத்தில் ஒவ்வொரு இடமாகத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் ஏஐயைத் திரும்ப வரையச் சொல்லி, வந்த மாற்றுகளில் ஒன்றை எடுத்து, அடுத்த இடத்துக்குப் போய், சுமார் 35 முறை இப்படிச் செய்து கட்டியிருந்தார். முதலில் இதற்கும் மறுப்புதான் வந்தது. பிறகு படம் உருவான விதத்தை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோவைக் கொடுத்து மறுபரிசீலனை கேட்டார்கள். 2025 ஜனவரி 30-ல் பதிவு கிடைத்தது. எதற்கு? ஏஐ வரைந்த துண்டுகளுக்கு இல்லை. அவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்கு செய்து, அமைத்ததற்கு. அதற்கு முந்தின நாள்தான், வாசகம் மட்டும் எழுதினால் உரிமைக்குப் போதாது என்று அதே அலுவலகம் தன் அறிக்கையில் சொல்லியிருந்தது.

624 தோற்றது, 35 ஜெயித்தது. உழைப்பு கூடவா குறைவா என்பது இங்கே கணக்கில்லை. ரெண்டாவது ஆள் என்ன வந்தது என்று பார்த்து, இது வேணும், இது வேணாம் என்று தீர்மானித்த ஒவ்வொரு கணமும் வெளியாள் பார்க்கும்படி பதிவாகியிருந்தது.

நம்ம ஊர்ச் சட்டத்தில் வேறு ஒரு வாசல் இருக்கு. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின் வழியாக வந்த ஒரு வரையறை, கணினியால் உண்டான படைப்புக்கு ஆசிரியர் யார் என்றால், அது உருவாகக் காரணமாக இருந்தவர் என்று சொல்கிறது. கேட்கத் தாராளமாக இருக்கு. ஆனா டிசைன் ஏஜென்சியில் வாசகம் எழுதியவர் ஒருத்தர், வந்த நாற்பதில் ஒன்றை எடுத்தவர் ஒருத்தர், விரலைச் சரி செய்தவர் ஒருத்தர். இவங்கள்ல "காரணமானவர்" யாருன்னு நாளைக்கு ஒரு தகராறு வந்தால், கையில் இருக்கப்போறது என்ன? 'ஃபைனல் 3' என்ற ஒரு கோப்பா?

நான் பார்த்தவரைக்கும் இதை ஓரளவு சரியாகச் செய்கிறவங்க பெரிய மென்பொருள் எதுவும் வாங்கலை. வேலைக்கு ஒரு ஃபோல்டர். அதில் மூலப் படக் கோப்பு, சுருக்காதது. பயன்படுத்திய மாடல் கோப்பின் நகல், வைக்க முடிந்தால். அதோட ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் எடுத்ததைப் பற்றி ஒரு வரி, கடைசிச் சுற்றுவரை வந்து தோற்ற ரெண்டு மூணைப் பற்றி ஒவ்வொரு வரி. "இரண்டாவது: நிறம் நல்லா இருந்தது, பொட்டலத்தில் அச்சடித்தால் எழுத்து படிக்க முடியாது." அவ்வளவுதான். எல்லா வேரியேஷனையும் சேமிக்கறது வெட்டி வேலைன்னு என் அபிப்பிராயம். இருநூறு படத்தைக் குப்பையாகக் குவித்து வைப்பதும் தொலைப்பதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தோற்றதில் நல்லதை மட்டும், தோற்ற காரணத்தோடு வச்சுக்கிட்டா, மூணு மாசம் கழிச்சு வர்ற கிளையன்ட்டுக்குப் பதில் இருக்கும். புதுசா சேர்ந்தவர் அதே நிறத்தை மறுபடி முயற்சி பண்ணி ரெண்டு நாளை வீணாக்க மாட்டார்.

ரிவிஷன் கட்டத்தில் காரணத்துக்கு ஒரு பத்தி இருந்தது. எஸ்சிசிஎஸ் நிறுத்தி வச்சுக் கேட்டது. கம்ஃபியூஐ படத்துக்குள் விதை இருக்கு, மாடல் பெயர் இருக்கு, ஒவ்வொரு முடிச்சும் இருக்கு, "ஏன் இது?" என்று யாரும் கேட்பதில்லை, அதனால் பதிலும் இல்லை.

நீங்க டிசைன் வேலையில் இருக்கிறவங்கன்னா, உங்க இடத்தில் இதை எப்படிச் செய்யறீங்கன்னு எழுதுங்க. கோப்புக்கு நீங்க வச்ச விசித்திரமான பெயர்களையும் சேர்த்து அனுப்புங்க, நல்லதாப் பார்த்து அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.